கடலுக்கடியில கேட்கும் நம்ம ஊர் சேதி!

நாங்குநேரியில இருந்து திசையன்விளை போற பஸ்ல, ராத்திரி விஜயநாராயணம் பக்கம் எட்டிப் பார்த்திருக்கீங்களா? வானத்துல சிவப்பு விளக்குகள் மினுமினுக்கும். 'டி.வி. டவர்'னுதான் நானும் ரொம்ப நாளா நினைச்சேன். இல்லை பாஸ்! அது ஐ.என்.எஸ். கட்டபொம்மன். நீர்மூழ்கிகளுக்குச் சேதி அனுப்புற கடற்படை நிலையம்.

முதல்ல ஒரு ஃபிளாஷ்பேக். 1967 டிசம்பர் 8. அன்றைய சோவியத் யூனியனின் ரிகா துறைமுகம். இந்தியாவின் முதல் நீர்மூழ்கி ஐ.என்.எஸ். கல்வாரி, கமாண்டர் கே.எஸ்.சுப்பிரமணியன் தலைமையில் கடற்படையில் சேர்ந்தது. அந்த வருஷப் போரால சூயஸ் கால்வாய் மூடிக் கிடக்க, ஆப்பிரிக்காவையே சுத்திக்கிட்டு 1968-ல் விசாகப்பட்டினம் வந்தது.

நீளம் 91 மீட்டர். டீசல் இன்ஜின் ஓட காத்து வேணும். அதனால தண்ணிக்கடியில பேட்டரிதான். சார்ஜ் இறங்கினா மேல வந்தே ஆகணும். வந்தா எதிரி ரேடார்ல மாட்டுற ஆபத்து! அந்த உயிர்ப்பயத்தோடதான் உள்ளே இருந்தவங்க வேலை பார்த்தாங்க.

சேதி கேட்கவும் இதே தலைவலிதான். உப்புத்தண்ணி ரேடியோ அலையை விழுங்கிடும். எஃப்.எம். அலை கடலுக்குள்ள சில சென்டிமீட்டர்லயே காலி. அதிர்வெண் குறைஞ்சா ஆழம் கூடும். அதனாலதான் விஜயநாராயணத்துல சுமார் 18 கிலோஹெர்ட்ஸ். ஒரு அலையோட நீளமே 16 கிலோமீட்டருக்கு மேல! டவர்கள் அவ்வளவு உசரமா நிக்கிறது இதுக்குத்தான். பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்துல ஒளிஞ்சிருக்கிற நீர்மூழ்கியும் கேட்கலாம். ஆனா பேச்சுக்குரல் போகாது, எழுத்துச் சேதி மட்டும். பதிலும் அனுப்ப முடியாது, ஒன்வேதான்!

1990 அக்டோபரில் அப்போதைய குடியரசுத் தலைவர் ஆர்.வெங்கட்ராமன் இதைக் கடற்படையில் இணைத்து வைத்தார். கல்வாரி 1996 மே 31-ல் ஓய்வு பெற்றது. 2017-ல் அதே பேர்ல புது நீர்மூழ்கி வந்தாச்சு. பழசு எப்படி இருந்திருக்கும்னு பார்க்கணுமா? விசாகப்பட்டினம் கடற்கரையில அதே வகை 'குர்சுரா' 2002-லிருந்து மியூசியமா நிக்குது. குனிஞ்சுதான் போகணும்!

ஒரு உண்மையைச் சொல்லிடுறேன். 'ஸ்கின் டெப்த்' சூத்திரத்தை மனப்பாடம் பண்ணி, பரீட்சையில மறந்து, அரியர் வாங்கினவன் நான். போன வாரம் அதே சூத்திரத்துல கடல்தண்ணியையும் 18 கிலோஹெர்ட்ஸையும் போட்டுப் பார்த்தேன். 1.9 மீட்டர். ஒவ்வொரு 1.9 மீட்டருக்கும் அலையோட பலம் 37 சதவீதமா சுருங்குது. அப்படிச் சுருங்கிச் சுருங்கிப் போற சேதிக்காக, கீழே ஒரு கூட்டமே காது கொடுத்துக் காத்திருக்கு.

இந்தத் தடவை அரியர் க்ளியர் ஆயிடும் பாஸ்!