தர்ஜினியின் உயரமும் வன்னி மகளிரின் களமும்

வலைப்பந்தாட்டத்தில் ஓர் அணிக்கு எழுவர் ஆடுவர். எனினும் வளையத்தினுள் பந்தை இடும் உரிமை அவர்களுள் இருவருக்கே உண்டு. வளையம் 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கும். கூடைப்பந்தாட்டத்தைப் போன்று பின்பலகை கிடையாது. எனவே உயரமும் தளராத குறியுமே அவ்விருவரின் மூலதனமாகும்.

இவ்விரண்டும் ஒருங்கே வாய்க்கப் பெற்றவர் தர்ஜினி சிவலிங்கம். யாழ். வலிகாமத்தில் பிறந்து, வசாவிளான் மத்திய கல்லூரியில் பயின்று, கிழக்குப் பல்கலைக்கழகம் சென்ற இவரது உயரம் 208 சென்ரிமீற்றர். 2009இலும் 2018இலும் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோது அணியின் தூணாக நின்றவர் இவரே. 2018 இறுதியாட்டத்தில் இலங்கை 69-50 எனச் சிங்கப்பூரை வென்றது. 2019 உலகக் கிண்ணத்தில் 348 கோல்களை இட்டு, கோல் குவித்தோர் வரிசையில் முதலிடம் பெற்றார். அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில லீக்கிலும் சிற்றி வெஸ்ற் பால்கன்ஸ் கழகத்துக்காக ஆடினார்.

அந்த விக்டோரியாவிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. அங்குள்ள நாட்டுப்புறச் சிற்றூர்களில் அவுஸ்திரேலிய உதைபந்தாட்டமும் வலைப்பந்தாட்டமும் பெரும்பாலும் ஒரே கழகத்தின் கீழ் இயங்குகின்றன. சனிக்கிழமைகளில் ஆடவர் உதைபந்தாட்டம் ஆட, அருகிலுள்ள தளத்தில் மகளிர் வலைப்பந்தாட்டம் ஆடுவர். பாடசாலையை விட்டு விலகிய பெண்ணுக்கும் வாராந்தம் ஆட ஓர் அணி இருக்கின்றது. அவளது ஆட்டத்தைக் காண ஊரும் கூடுகின்றது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் நிலை யாது? மாணவியர் பலரது ஆட்டம் பாடசாலைப் போட்டிகளுடனேயே முடிந்துவிடுகின்றது. அதன்பின் ஆட விரும்புவோர் கொழும்பு நிறுவனங்களின் அணிகளையே நாட வேண்டியிருக்கின்றது. விளையாட்டுக் கழகம் என்றால் அது இளைஞர்களுக்கே உரியது என்னும் எண்ணம் நம்மிடையே இன்னும் அகலவில்லை.

வன்னிக்கு இன்னுமொரு தேவையும் உண்டு. 1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டமையால், அருகருகே வளர்ந்திருக்க வேண்டிய ஒரு தலைமுறை பிரிந்தே வளர்ந்தது. முள்ளியவளைச் சிறுமியும் நீராவிப்பிட்டிச் சிறுமியும் வாராந்தம் ஒரே தளத்தில் ஆடுவார்களாயின், மேடைப் பேச்சுகளால் ஆகாத நல்லிணக்கம் அங்கு கைகூடும். முழுக்கை, முழுக்கால் உடையும் தலைமறைப்பும் அதற்குத் தடையாக இருத்தலாகாது.

இதற்குப் பெரும் நிதி தேவையில்லை. சமதளமான நிலம், இரு கம்பங்கள், ஒரு பந்து, நடுவர் பயிற்சி பெற்ற ஆசிரியை ஆகியன போதும். உள்ளூர்க் கழகங்கள் தத்தம் பெயரிலேயே மகளிர் அணிகளையும் அமைக்க முன்வருதல் வேண்டும். உயரம் இயற்கை தருவது. களம் நாம் தர வேண்டியது.