பில்ட்-இன் மைக்ரோவேவ் வாங்கப் போறீங்களா? முதல்ல இன்ச் டேப்பை எடுங்க!

புது ஃப்ளாட்டுக்கு மாடுலர் கிச்சன் கொட்டேஷன் வாங்கியவர்களுக்கு அந்த வரி நன்றாகத் தெரிந்திருக்கும். 'டால் யூனிட் - பில்ட்-இன் அவன், மைக்ரோவேவ் வைக்கும் வசதியுடன்'. கூடவே ஒரு 3டி படம் வரும். சாம்பல் நிற லேமினேட்டுக்கு நடுவே கறுப்புக் கண்ணாடி பளபளக்கும். நம்ம வீட்டு அடுப்படியா இது என்று நமக்கே ஆசையாக இருக்கும். உடனே ஓகே சொல்லிவிடுவோம். மெஷினை எப்போது வாங்குவது என்று கேட்டால், "அதை அப்புறம் பாத்துக்கலாம் சார், மொதல்ல வுட் வொர்க் முடியட்டும்" என்பார் டிசைனர்.

சிக்கல் ஆரம்பிப்பது அந்த 'அப்புறம்' என்ற வார்த்தையில்தான். மேடை மேல் வைக்கும் சாதாரண மைக்ரோவேவை இன்றைக்கு வாங்கி நாளைக்கு இடம் மாற்றலாம், வீடு மாறினால் தூக்கிக்கொண்டும் போகலாம். பில்ட்-இன் அப்படி இல்லை. அதில் பாதி தச்சு வேலை, கால்வாசி வயரிங், மிச்சம்தான் மெஷின். பிளைவுட்டை அறுப்பதற்கு முன்பே எந்த மாடல் என்று முடிவாகியிருக்க வேண்டும். பணம் கட்டுவதைத் தள்ளிப்போடலாம், மாடலை முடிவு செய்வதைத் தள்ளிப்போட முடியாது.

விலையும் சாதாரணமில்லை. ஒரே கொள்ளளவுள்ள மேடை மாடலோடு ஒப்பிட்டால் பல நேரங்களில் இரண்டு மடங்குக்கு மேல் போகிறது. ஹோம் லோன் இஎம்ஐ ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்தக் கூடுதல் தொகை எதற்குப் போகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

சாதாரண மைக்ரோவேவை அலமாரிக்குள் தள்ளினால் என்ன?

நிறைய வீடுகளில் இதைத்தான் செய்கிறார்கள். ஏற்கெனவே இருக்கும் மெஷினுக்கு ஒரு பெட்டி அடித்து, சுற்றிலும் அலுமினியப் பட்டி போட்டு, 'பில்ட்-இன்' லுக் கொண்டுவந்துவிடுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் மேக்னட்ரானுக்கு மூச்சு முட்டும்.

மைக்ரோவேவில் அலைகளை உண்டாக்கும் பாகம்தான் மேக்னட்ரான். ஒரு சராசரி மெஷின் 1,400 வாட் மின்சாரத்தை இழுத்து, சுமார் 900 வாட்டை மட்டும் சாப்பாட்டுக்குக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 500 வாட் எங்கே போனது? பெரும்பாலும் மெஷினுக்குள்ளேயே வெப்பமாகிவிட்டது. அந்தச் சூட்டை ஃபேன் வைத்து வெளியே தள்ளியாக வேண்டும். அமெரிக்காவின் ரேதியான் நிறுவனம் 1947-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் மைக்ரோவேவ் ஆளுயரம் இருந்தது. அதைக் குளிர்விக்கத் தண்ணீர்க் குழாய் இணைப்பே கொடுக்க வேண்டியிருந்தது. மெஷின் சின்னதாகிவிட்டது, சூட்டுப் பிரச்னை மட்டும் அப்படியே இருக்கிறது.

மேடை மாடல்கள் இந்தச் சூடான காற்றைப் பின்பக்கமோ, பக்கவாட்டிலோ, மேலேயோ விடும். அதனால்தான் பல மாடல்களின் கையேட்டில் மேலே 20 செ.மீ. அல்லது அதற்கும் மேல் இடைவெளி விடச் சொல்லியிருப்பார்கள். நாலு பக்கமும் பிளைவுட்டால் அடைத்தால் வெளியே போன சூடே திரும்ப உள்ளே வரும். சென்னையில் மே மாத மதியம் சமையலறை ஏற்கெனவே எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கொஞ்ச நாளில், ஓடிக்கொண்டிருக்கும்போதே மெஷின் தானாக நின்றுபோகும். அது சூடு தாங்காமல் பாதுகாப்பு சுவிட்ச் கட் ஆவதாக இருக்கலாம். இப்படியே ஓட்டினால் மேக்னட்ரானின் ஆயுளும் குறையும்.

பில்ட்-இன் மாடல்களில் காற்று எந்த வழியாக வர வேண்டும், எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை அலமாரியையும் சேர்த்தே வடிவமைத்திருப்பார்கள். கூடுதல் காசு முக்கியமாக இதற்குத்தான். ஆனால் இதிலும் அலமாரியின் பின்பலகையை எடுத்துவிட்டு, பின்னால் புகைபோக்கி மாதிரி காலி இடம் விட வேண்டியிருக்கும். எவ்வளவு என்பது மாடலுக்கு மாடல் மாறும். "பின்னாடி பலகை இல்லாட்டி கரப்பான் வரும்மா" என்று கார்பென்டர் நல்லெண்ணத்தோடு அடைத்துவிட்டால், பில்ட்-இன் வாங்கியதில் பிரயோஜனமே இல்லை.

(கரப்பான் கவலை நியாயமானதுதான். சூடான, இருட்டான கன்ட்ரோல் போர்டு பக்கம் அதற்கு ரொம்பப் பிடித்த இடம். பூச்சி, எலியால் வரும் பழுது பல நிறுவனங்களின் வாரண்டிக்குள் வராது. அந்தப் பத்தியை வாங்குவதற்கு முன்பே ஒருமுறை படித்துவிடுங்கள்.)

இரண்டு அடி வேறு, 60 செ.மீ. வேறு

பில்ட்-இன் மாடல்கள் பெரும்பாலும் ஐரோப்பிய அளவில் வருகின்றன. 60 செ.மீ. அகல அலமாரிதான் கணக்கு. இரண்டு பக்கமும் 18 மி.மீ. பிளைவுட் போட்டால் உள்ளே 564 மி.மீ. கிடைக்கும். கையேட்டைப் பார்த்தால் 'பொந்தின் அகலம் 560 முதல் 568 மி.மீ.' என்று இருக்கும். சரியாகப் பொருந்துகிறதா?

இப்போது நம்ம ஊர் கணக்குக்கு வருவோம். நம் கார்பென்டர்கள் அடி, அங்குலத்தில் வேலை செய்பவர்கள். '60 செ.மீ.' என்றால் 'ரெண்டு அடி' என்று எடுத்துக்கொள்வார்கள். இரண்டு அடி என்பது 610 மி.மீ. பிளைவுட்டைக் கழித்தால் உள்ளே 574. ஒரு செ.மீ.தானே என்று தோன்றும். ஆனால் மெஷினைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்தும் ஸ்க்ரூ சரியாக மரத்தில் ஏறாது. உள்பக்கம் இரண்டு பக்கமும் லேமினேட் ஒட்டினால் அந்தத் தடிமனும் கணக்கில் வரும். அகலம் குறைந்துபோனால் இன்னும் கஷ்டம். மெஷின் உள்ளேயே போகாது. அதனால் அளவை மி.மீ.யில் எழுதிக் கொடுங்கள். அதைவிடச் சுலபம், நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும் இன்ஸ்டலேஷன் வரைபடத்தை இறக்கி, கார்பென்டரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுவது.

உயரத்தில் மூன்று வகை அதிகம் புழங்குகிறது. 38 செ.மீ. பொந்தில் போகும் சின்ன மாடல், 45 செ.மீ.யில் போகும் 'காம்பாக்ட்' மாடல், 60 செ.மீ.யில் போகும் முழு அவன். 45 செ.மீ.க்கு அடித்த பொந்தில் 38-ஐ வைத்தால் மேலே பல் விழுந்த மாதிரி இடைவெளி தெரியும்.

ஆழம்தான் பலர் மறந்துபோகும் விஷயம். தலைக்கு மேல் இருக்கும் வால் கேபினெட் பொதுவாக 30 முதல் 33 செ.மீ. ஆழம்தான் இருக்கும். பல பில்ட்-இன் மாடல்களுக்கு 55 செ.மீ. வேண்டும். வால் கேபினெட்டுக்கென்றே ஆழம் குறைந்த மாடல்கள் இருக்கின்றன. பெரும்பாலும் அவை 20 லிட்டர் சுற்று வட்டாரத்தில் நின்றுவிடும். பெரிய மாடல்தான் வேண்டும் என்றால் தரையிலிருந்து எழும் டால் யூனிட் தேவை. அது இரண்டுக்கு இரண்டு, நாலு சதுர அடி. சதுர அடி 8,000 ரூபாய்க்கு வாங்கிய வீடு என்றால் அந்த மூலைக்கு மட்டும் 32,000 ரூபாய் ஆகிறது. மெஷின் விலை தனி.

அம்மா கை எட்டுமா?

ஷோரூம் டால் யூனிட்களில் கீழே டிராயர், நடுவில் அவன், அதற்கு மேல் மைக்ரோவேவ் என்று அடுக்கியிருப்பார்கள். கணக்குப் போட்டால் மைக்ரோவேவின் கீழ்த்தட்டே தரையிலிருந்து 130 செ.மீ.க்கு மேல் வந்துவிடும். ஐந்தடி உயரமுள்ள அம்மா கொதிக்கக் கொதிக்க ரசத்தை முகத்துக்கு நேராக இறக்க வேண்டியிருக்கும். இது வெறும் வசதிக் குறைவு இல்லை, ஆபத்து. மைக்ரோவேவில் சூடாக்கிய தண்ணீர் சில நேரம் கொதிப்பதே தெரியாமல் கொதிநிலையைத் தாண்டியிருக்கும். பாத்திரத்தை அசைத்த கணத்தில் பொங்கித் தெறிக்கும். அந்த நேரத்தில் பாத்திரம் இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இருப்பதற்கும், கண்ணுக்கு நேராக இருப்பதற்கும் நிறைய வித்தியாசம்.

நம் வீட்டில் மைக்ரோவேவ்தான் தினமும் ஓடும், அவனில் கேக் செய்வது மாதத்துக்கு ஒருமுறை என்றால், அடுக்கை மாற்றச் சொல்லிவிடலாம். கீழ்த்தட்டு 90 முதல் 110 செ.மீ. உயரத்தில் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாக இருக்கும். வீட்டில் யார் அதிகம் பயன்படுத்துவார்களோ அவரை நிற்கவைத்து அளவெடுங்கள்.

கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். பக்கவாட்டில் திறக்கும் மாடல்கள் பெரும்பாலும் இடப்பக்கம் மடங்கும். அப்படியானால் சூடான பாத்திரத்தை இறக்கிவைக்க வலப்பக்கம் மேடை வேண்டும். அங்கே ஃப்ரிட்ஜ் நின்றால் கையில் பாத்திரத்தோடு நடக்க வேண்டியதுதான். அடுப்புக்கு நேர் மேலே மைக்ரோவேவை மாட்டும் அமெரிக்க ஸ்டைல் வீடியோக்களைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் உண்டு. தினம் மூன்று வேளை தாளிக்கும் வீட்டுக்கு அது ஒத்துவராது. ஒரு மாதத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிவிடும்.

பிளக் பாயின்ட் எங்கே?

பழைய ஃப்ளாட்களில் சமையலறையில் 6 ஆம்பியர் பாயின்ட்கள்தான் நிறைய. 230 வோல்ட்டில் அது தாங்குவது 1,380 வாட். மிக்ஸிக்குப் போதும். கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் 2,000 வாட்டைத் தாண்டக்கூடியது. அதற்கு 16 ஆம்பியர் பாயின்ட், ஒழுங்கான எர்த், முடிந்தால் தனி எம்சிபி வேண்டும். பாயின்ட்டை மெஷினுக்கு நேர் பின்னால் வைக்க விடாதீர்கள். பிளக் முட்டிக்கொண்டு மெஷின் முழுசாக உள்ளே போகாது; ஏதாவது ஆனால் பிளக்கைப் பிடுங்கவும் முடியாது. பக்கத்து அலமாரிக்குள் கை எட்டும் இடத்தில் வைப்பதுதான் சரி. டைல்ஸ் ஒட்டும் முன் எலக்ட்ரீஷியனிடம் சொன்னால் அரை நாள் வேலை, ஒட்டிய பிறகு சொன்னால் சுவரை உடைக்க வேண்டும்.

வீட்டு இன்வெர்ட்டரில் ஓடுமா என்று கேட்பவர்களுக்கு: ஃபேன், லைட்டுக்குப் போட்ட இன்வெர்ட்டரில் ஓடாது.

கரன்ட் பில்லுக்குப் பயப்பட வேண்டியதில்லை. 1,400 வாட் மெஷினை தினமும் 10 நிமிடம் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சும்மா நிற்கும்போது நேரம் காட்டும் அந்தக் கடிகாரம் 3 வாட் எடுக்கிறது என்றால், இரண்டு மாதத்தில் 4 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். தினம் மூன்று நிமிடம் சோறு சூடுபண்ணுகிறவருக்கு, சோற்றுக்கு ஆகும் கரன்ட்டும் கடிகாரத்துக்கு ஆகும் கரன்ட்டும் ஏறக்குறைய ஒன்றுதான்!

சோலோ, கிரில், கன்வெக்‌ஷன்

இதில் ரொம்பக் குழம்ப வேண்டாம். சூடுபண்ண, காய் வேகவைக்க, அப்பளம் சுட மட்டும் என்றால் சோலோ போதும். மேலே முறுகலாக வேண்டும் என்றால் கிரில். கேக், பிஸ்கட் என்று நிஜமாகவே பேக் செய்கிறவர்களுக்கு கன்வெக்‌ஷன். வீட்டில் ஏற்கெனவே ஓடிஜி இருந்தால் கன்வெக்‌ஷனுக்குக் காசு கொடுப்பது வீண். பட்டனில் எழுதியிருக்கும் 'இண்டியன் மெனு' எண்ணிக்கையைப் பார்த்து மயங்குவதும் தேவையில்லை. வாங்கிய ஆறு மாதத்துக்குப் பிறகு பெரும்பாலானவர்கள் தொடுவது '30 செகண்ட்' பட்டனைத்தான்.

லிட்டரைவிட உள்ளே எந்தப் பாத்திரம் போகும் என்பது முக்கியம். சுழலும் தட்டு உள்ள மாடலில் நீளமான கண்ணாடிப் பாத்திரம் மூலையில் இடிக்கும். தட்டு இல்லாத 'ஃப்ளாட்பெட்' மாடலில் அலைகளைப் பரப்பும் வேலையை அடியில் உள்ள பாகமே செய்துவிடும், அதனால் செவ்வகப் பாத்திரமும் தாராளமாகப் போகும். துடைப்பதும் சுலபம். வீட்டில் அதிகம் புழங்கும் பாத்திரத்தை ஒரு பையில் போட்டு ஷோரூமுக்கு எடுத்துப்போய், உள்ளே வைத்துப் பாருங்கள். யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள்.

அப்போ வாங்கலாமா?

வாடகை வீடு என்றால் வேண்டவே வேண்டாம். சொந்த வீடு, மரவேலை இனிமேல்தான், டால் யூனிட்டுக்கு இடமும் இருக்கிறது என்றால் தாராளமாக வாங்கலாம். நடுவில் இருப்பவர்களுக்கு, அதாவது சின்ன சமையலறை, பட்ஜெட் இறுக்கம் என்பவர்களுக்கு, என் ஓட்டு வேறு பக்கம். கையேடு கேட்கும் இடைவெளியோடு, முன்பக்கம் திறந்த ஒரு தட்டு அடித்து, 16 ஆம்பியர் பாயின்ட் வைத்து, நல்ல மேடை மாடலை அதில் வையுங்கள். எட்டு வருடம் கழித்து மெஷின் போனால், வேறு எந்தக் கம்பெனி மாடலும் அதே இடத்தில் உட்காரும். பில்ட்-இன் பொந்தில் அந்தச் சுதந்திரம் குறைவு. பாஷ், சீமென்ஸ், ஐஎஃப்பி, ஃபேபர், காஃப் என்று இங்கே கிடைக்கும் பிராண்டுகளில் எதை எடுத்தாலும், அதே அளவுப் பொந்தில் போகும் மாடல் வேறு கம்பெனியிலும் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, பழுதானால் மெஷினை அலமாரியிலிருந்து கழற்றி மாட்டுவது யார் பொறுப்பு, அதற்குத் தனிக் கட்டணமா என்பதையும் பில் போடும் முன் கேளுங்கள். சென்னை, கோவைக்கு வெளியே இருப்பவர்கள் இரண்டு முறை கேட்கலாம்.

மெஷின் மாட்டிய அன்றே ஒரு சின்ன சோதனை செய்துவிடுங்கள். வெறுமனே ஓட்டக்கூடாது. உள்ளே ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு, கையேட்டில் சொன்ன வழியாகச் சூடான காற்று வெளியே வருகிறதா, பக்கத்துப் பலகை கொதிக்கிறதா, கதவு பக்கத்து கைப்பிடியில் இடிக்காமல் முழுசாகத் திறக்கிறதா என்று பாருங்கள். கார்பென்டருக்குக் கடைசித் தவணை அதற்கு அப்புறம் கொடுத்தால் போதும்.