மாலத்தீவுக்கு எந்த வாசல்?

விடுமுறை வந்தால் குடும்பத்தோடு எங்கேனும் சென்று வரவேண்டும் என்னும் ஆசை இன்று நம் இல்லங்களில் பெருகி வருகிறது. இதில் தவறேதும் இல்லை. பூமியில் பயணம் செய்து இறைவனின் படைப்பைக் கண்டு சிந்திக்குமாறு திருமறையே நம்மைத் தூண்டுகிறது. மனைவி மக்களின் மனத்தை மகிழ்விப்பதும் நற்செயலே. ஆயினும் எங்கே செல்கிறோம், எப்படிச் செல்கிறோம் என்பதைப் புறப்படுமுன்பே தீர்மானித்துக் கொள்பவருக்குத்தான் அந்தப் பயணம் நலம் பயக்கும். அண்மைக் காலமாக நம்மவரின் நாட்டம் மாலத்தீவின் பக்கம் திரும்பியிருப்பதால் அந்நாட்டைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

நம் கரைக்கு அண்மையில் ஒரு நாடு

இந்துமாக்கடலில் மணிமாலை போல் சிதறிக் கிடக்கும் ஏறத்தாழ 1,200 பவளத் தீவுகளின் தொகுதியே மாலத்தீவு. இவற்றுள் மக்கள் குடியிருப்பவை இருநூற்றுக்கும் குறைவு. திருவனந்தபுரத்திலிருந்து தலைநகர் மாலேக்குத் தொலைவு சுமார் 600 கிலோமீட்டர்தான். நம் தூத்துக்குடியிலிருந்து காய்கறியும் கட்டுமானப் பொருள்களும் ஏற்றிய தோணிகள் நெடுங்காலமாக அங்கே சென்று வந்துள்ளன. காயல்பட்டினம், கீழக்கரை இல்லங்களின் அடுக்களையில் மணக்கும் மாசியும் இந்தத் தீவுக் கடல்களின் சூரைமீனைக் கொண்டு செய்யப்படும் பண்டமே. அவர்கள் மொழியில் ‘மாஸ்’ என்றாலே மீன்தான்.

கி.பி. 1153-ஆம் ஆண்டு அந்நாட்டு மன்னர் இஸ்லாத்தை ஏற்றார் என்பது அவர்களின் வரலாறு. மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா 1343-இல் அங்கே சென்றடைந்து காழியாகவும் பணியாற்றினார். கதீஜா என்னும் அரசி ஆட்சி புரிந்த காலம் அது. தீவு மக்களின் தூய்மையையும், அவர்கள் மீனை உலர்த்திப் பிற நாடுகளுக்கு அனுப்புவதையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். பின்னர் இலங்கை வழியாக நம் மஅபர் கரைக்கு வந்து மதுரை சுல்தானின் விருந்தினராகவும் இருந்தார். ஆக, மாலத்தீவுக்குச் செல்லும் தமிழ் முஸ்லிம் அந்நியரின் நாட்டுக்குச் செல்லவில்லை. பழைய உறவினரின் ஊருக்கே செல்கிறார்.

இரண்டு வாசல்கள்

அந்நாட்டுக்குள் நுழைய இரண்டு வாசல்கள் உண்டு என்பதை வாசகர்கள் நன்கு மனத்தில் கொள்ள வேண்டும்.

1972-இல் சுற்றுலாத் தொழில் தொடங்கியபோது குடியில்லாத தீவுகளிலேயே உல்லாச விடுதிகள் எழுந்தன. ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்பதே பெரும்பாலும் ஏற்பாடு. அங்கே மது விற்கப்படும். உடை பற்றிய கட்டுப்பாடு இராது. விளம்பரப் படங்களில் நாம் காணும், நீர்மேல் நிற்கும் குடில்கள் இத்தகைய தீவுகளில் உள்ளவையே. அங்கே சென்று நான்கு நாள் தங்கித் திரும்புபவர், பணிபுரிவோரைத் தவிர அந்நாட்டுக் குடும்பம் ஒன்றைக்கூடக் காணாமல் திரும்பிவிடலாம்.

மற்றொரு வாசல் மக்கள் வாழும் தீவுகள். 2009-ஆம் ஆண்டுக்குப் பிறகே இத்தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் பரவலாகத் திறக்கப்பட்டன. மாலேக்குத் தெற்கே உள்ள மாஃபுஷி, தர்பூசணியும் பப்பாளியும் விளையும் தொட்டு, தூய்மைக்குப் பெயர் பெற்ற உகுல்ஹஸ் ஆகியவை இவ்வகைத் தீவுகள். இங்கே மதுவிற்பனை கிடையாது. ஐவேளையும் பாங்கொலி கேட்கும். தொழுகை நேரத்தில் கடைகளைச் சற்று நேரம் அடைப்பது வழக்கம். கடலும் மணலும் மீன்களும் இரண்டு இடத்திலும் ஒன்றேதான். செலவோ இங்கே பன்மடங்கு குறைவு.

வெளிநாட்டுப் பயணிகள் நீச்சலுடையில் குளிப்பதற்கென இத்தீவுகளிலும் தனிக் கடற்கரை ஒதுக்கப்பட்டிருக்கிறது. அறை பதிவு செய்யுமுன் அந்தக் கடற்கரை எங்கிருக்கிறது என்று கேட்டறிந்து, அதனை விட்டு விலகிய இல்லத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்நாட்டுப் பெண்கள் முழு உடையுடனேயே கடலில் இறங்கும் வழக்கமுடையவர்கள். பல கடற்கரைகளில் நம் வீட்டுப் பெண்கள் மற்றவர்களின் செருப்பையும் பையையும் காவல் காத்துக் கொண்டு கரையிலேயே அமர்ந்திருக்கக் காண்கிறோம். இங்கே அவர்களும் யாருடைய வியப்புப் பார்வைக்கும் ஆளாகாமல் தம் பிள்ளைகளோடு நீரில் இறங்கலாம். இந்த ஒன்றுக்காகவே இரண்டாம் வாசலைத் தேர்ந்தெடுப்பது தகும்.

நாளும் செலவும்

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட பருவம். கடல் அமைதியாக இருக்கும். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கி மழையும் அலையும் மிகும். அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் வானிலை நன்றாக இருந்தாலும் கட்டணங்கள் உச்சத்தில் இருக்கும். ஆண்டுத் தேர்வு முடிந்தவுடன் ஏப்ரலிலேயே சென்று வருவது நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்றது. ரமழான் மாதம் அந்த நாட்களில் வருமாயின் பயணத்தைத் தள்ளிவையுங்கள். மக்கள் வாழும் தீவுகளில் அப்போது பகலில் உணவகங்கள் மூடியிருக்கும். நமக்கும் அது வணக்கத்திற்குரிய மாதம்.

முன்கூட்டியே விசா எடுக்க வேண்டியதில்லை. சுற்றுலாப் பயணிகளுக்கு விமான நிலையத்திலேயே கட்டணமின்றி அனுமதி வழங்குகிறார்கள். திரும்பும் பயணச்சீட்டும் தங்குமிடப் பதிவும் கையில் இருக்கவேண்டும். சென்றிறங்குவதற்கு முந்திய 96 மணி நேரத்திற்குள் இணையவழிப் பயணி அறிவிப்புப் படிவத்தை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. கேட்பவரிடம் ஏமாற வேண்டாம். மது, பன்றியிறைச்சி, வழிபாட்டுச் சிலைகள் ஆகியவற்றைக் கொண்டு செல்லத் தடை உண்டு. மின்சிகரெட்டுக்கும் 2024 நவம்பர் முதல் தடை வந்துவிட்டது. வளர்ந்த பிள்ளைகளின் பைகளைப் பெற்றோர் ஒருமுறை பார்த்துக் கொள்வது நல்லது.

செலவுக் கணக்கில் பலர் மறப்பவை வரியும் படகும். சுற்றுலாச் சேவைகள் மீதான வரி 2025 ஜூலை முதல் 17 விழுக்காடு. இதன்றிப் பசுமை வரி என்று ஆளுக்கு, நாளுக்கு, சிறிய விருந்தினர் இல்லங்களில் 6 டாலரும், உல்லாச விடுதிகளில் 12 டாலரும் வாங்குகிறார்கள். அறை வாடகையில் இவை அடங்குமா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். தீவுக்குத் தீவு செல்ல அரசு ஏற்பாட்டுப் படகுகள் மலிவானவை. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் அவை பெரும்பாலும் ஓடுவதில்லை. விரைவுப் படகுக்குக் கட்டணம் அதிகம். எனவே வெள்ளியன்று சென்று இறங்காதவாறு நாளைக் குறியுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வட்டிக்குக் கடன் வாங்கியோ, கடன் அட்டையில் தேய்த்துத் தவணை தவணையாகச் செலுத்தியோ போகும் உல்லாசப் பயணம் நமக்கு வேண்டாம். மூன்று நாள் மகிழ்ச்சிக்காக மூன்றாண்டு வட்டி கட்டுவதும், அதற்காக இறைவனிடம் பதில் சொல்ல நிற்பதும் அறிவுடைமை ஆகாது. ஹஜ் கடமையாகியும் நிறைவேற்றாதவர் முதலில் அதற்கான வழியைப் பார்க்கட்டும். மாதந்தோறும் சிறிது சிறிதாகச் சேர்த்து இரண்டாண்டு கழித்துப் போனாலும் அத்தீவுகள் அங்கேயேதான் இருக்கும்.

தொழுகையும் பயணமும்

பயணிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகைகளைப் புறப்படுமுன் அறிந்து கொள்ளுங்கள். நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கும் தொலைவு இப்பயணத்தில் ஐயமின்றி உண்டு. ஆனால் சென்ற ஊரில் எத்தனை நாள் தங்க எண்ணுகிறோம் என்பது முக்கியம். வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாட்கள் ஓரிடத்தில் தங்க நாடினால் ஷாஃபிஈ மத்ஹபின்படி கஸ்ரு இல்லை. ஹனஃபி மத்ஹபில் அந்த வரம்பு 15 நாட்கள். அந்நாட்டு நேரம் நம் நேரத்துக்கு அரை மணி பின்னடைந்தது. பள்ளியின் பாங்கையே கணக்காகக் கொள்ளுங்கள்.

மாலேயில் 1658-இல் பவளக்கல்லால் கட்டப்பட்ட ஹுகுரு மிஸ்கீ என்னும் பழைய ஜும்ஆப் பள்ளி உண்டு. ஆணிகளும் சாந்தும் நம்பாமல், கல்லோடு கல்லைப் பொருத்தி, அதில் பூவேலையும் எழுத்தும் செதுக்கியிருக்கிறார்கள். அரைநாள் ஒதுக்கி அங்கே தொழுது வாருங்கள். கட்டடம் நேர்மேற்கு நோக்கியதாகையால் கிப்லாவுக்காக மூலையை நோக்கி அணிவகுப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். திசை அறிவு பற்றிய பாடம் அதிலேயே அமைந்துவிடும்.

ஒளூச் செய்யும்போது ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். அத்தீவுகளில் ஆறு இல்லை. மழைநீரும், உப்பகற்றிய கடல்நீருமே குடிநீர். ஓடும் ஆற்றங்கரையிலும் வீண்செலவு கூடாதென்று கற்ற நாம், நன்னீர் அரிதான அவ்விடத்தில் குழாயைத் திறந்துவிட்டு நிற்பது எவ்வகையிலும் பொருந்தாது. கடல்மட்டத்திலிருந்து சராசரியாக ஒன்றரை மீட்டர் உயரமே உள்ள நாடு அது. உயரும் கடலுக்கு அஞ்சி வாழும் மக்கள் அவர்கள். நாம் குப்பையை விட்டு வரவும் கூடாது. பவளத்தையும் ஆமை ஓட்டையும் எடுத்து வரவும் கூடாது. பின்னதற்குச் சட்டத் தடையும் உண்டு.

இல்லத்தரசிக்கும் விடுமுறை

மூவர் பயணம் சென்றாலும் ஒருவரைத் தலைவராக்கிக் கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள். தலைமை என்பது கட்டளையிடுவதற்கன்று; சுமப்பதற்கு. பெட்டியைத் தூக்குவதும், பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டை மாட்டிக் கடலில் கூடவே நிற்பதும் தலைவரின் வேலை. வீட்டில் ஆண்டு முழுதும் அடுப்படியில் நின்றவர், தங்கும் அறையிலும் குக்கரை ஏற்றிக் கொண்டிருந்தால் அவருக்கு இது விடுமுறையா? காலை உணவு சேர்ந்த இல்லத்தைத் தேர்ந்தெடுங்கள். மீனும் தேங்காய்த் துருவலும் வெங்காயமும் மிளகாயும் பிசைந்து, ரொட்டியுடன் அவர்கள் தரும் ‘மாஸ் ஹுனி’யை ஒருவாய் உண்டால், நம் மாசிச் சம்பலின் உறவினர் இவர் என்று அந்தச் சகோதரியே சொல்லிவிடுவார்.

விடுதித் தீவின் விளம்பரப் படத்தைக் காட்டி உங்களை அழைப்பவர்கள் பலர். பாங்கொலி கேட்கும் தீவுக்குப் படகேறிச் சென்று, அங்குள்ள மக்களுக்கு ஸலாம் உரைத்து, அவர்களோடு ஒரே அணியில் நின்று தொழுது திரும்புங்கள். செலவிட்ட பணத்துக்கும் பொழுதுக்கும் அப்போது பயன் இருக்கும். இறைவன் நம் பயணங்களை இலேசாக்கி, இல்லம் திரும்பும் வரை நம்மைக் காத்தருள்வானாக. ஆமீன்.