பம்பர் செய்தவர் உதைபந்தாட்டக் கழகம் வாங்கிய கதை

உதைபந்தாட்டக் கழகங்களை வாங்கும் செல்வந்தர்கள் என்றதும் நம்மவர்களுக்கு எண்ணெய்க் கிணறுகளும் அரச குடும்பங்களும்தான் நினைவுக்கு வருகின்றன. இங்கிலாந்தின் புல்ஹாம் கழகத்தை 2013 இல் வாங்கிய ஷாஹித் கான் அந்த ரகத்தைச் சேர்ந்தவரல்ல. அவருடைய செல்வம் வாகன பம்பரிலிருந்து வந்தது. நீண்ட காலம் உதிரிப்பாக வியாபாரத்தில் இருப்பவன் என்பதால் அவரது கதையைத் தேடி வாசித்தேன். விளையாட்டில் விருப்பமில்லாத வியாபாரிகளுக்கும் அதில் விடயமிருக்கிறது.

1950 இல் லாஹூரில் பிறந்த கான், 1967 இல் தமது 16 ஆவது வயதில் பொறியியல் படிக்க அமெரிக்காவின் இலினோய்ஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கு கிடைத்த முதல் வேலை பாத்திரம் கழுவுவது. சம்பளம் மணித்தியாலத்துக்கு 1 டொலர் 20 சதம். படிக்கும்போதே பிளெக்ஸ்-என்-கேட் என்ற உதிரிப்பாகக் கம்பனியில் சேர்ந்து, 1971 இல் பட்டம் பெற்ற பின்னரும் அங்கேயே தொடர்ந்தார்.

அக்காலத்தில் பிக்கப் வாகனங்களின் பம்பர் பல துண்டுகளைப் பொருத்திச் செய்யப்பட்டது. அதை ஒரே துண்டாக, பாரம் குறைத்துச் செய்யும் வழியைக் கான் கண்டார். 1978 இல், தம் சேமிப்போடு அமெரிக்க அரசின் சிறுதொழில் திட்டத்தில் 50,000 டொலர் கடனும் பெற்று, 'பம்பர் வேர்க்ஸ்' என்ற சொந்தத் தொழிலைத் தொடங்கினார். இரண்டே வருடங்களில், 1980 இல், தாம் சம்பளத்துக்கு நின்ற கம்பனியையே விலைக்கு வாங்கினார்! வேறொருவரின் கூரையின் கீழ் தொழிலை நன்றாகக் கற்ற பிறகே அவர் சொந்தக் காசை இறக்கினார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

1980 களின் நடுப்பகுதியில் டொயோட்டா பிக்கப்புக்குச் சிறிய அளவில் பம்பர் கொடுக்கத் தொடங்கியவர், 1989 அளவில் அமெரிக்காவில் அந்நிறுவனத்தின் எல்லா வாகனங்களுக்குமே பம்பர் வழங்குபவரானார்.

ஆனால் அவரது தொழிற்சாலையில் ஒரு நோய் இருந்தது. ஒரு மொடலிலிருந்து இன்னொரு மொடலுக்கு அச்சு மாற்ற நீண்ட நேரம் பிடித்தது. ஆகவே ஒரே மொடலைத் தொகையாக அடித்துக் குவித்து வைத்தார்கள். 1990 இல் டொயோட்டாவின் நிபுணர்கள் வந்து முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். அச்சு மாற்றும் நேரம் அரை மணித்தியாலத்துக்கும் கீழே இறங்கியது. தேவைப்பட்டதைத் தேவைப்பட்ட அளவில் செய்ய முடிந்தது. ஸ்டோக்கில் முடங்கிய பணம் கைக்கு வந்தது. நமது கடைகளின் பின்னறைகளைத் திறந்து பார்த்தால் இந்தப் பாடம் யாருக்கு என்பது விளங்கும். தூசு படிந்து கிடப்பது சரக்கல்ல, நமது முதல்.

விளையாட்டுக்குக் கான் வந்தது தொழில் தொடங்கி முப்பது வருடங்களுக்குப் பின்னர்தான். 2012 ஜனவரியில் அமெரிக்காவின் ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் அணியை வாங்கினார். அது கையால் எறிந்து ஆடும் அமெரிக்க உதைபந்தாட்டம். அடுத்த வருடம் புல்ஹாம். அவர் வாங்கிய முதல் பருவத்திலேயே அக்கழகம் பிரீமியர் லீக்கிலிருந்து கீழிறங்கியது. 2018 இல் ஏறி 2019 இல் இறங்கியது. 2020 இல் ஏறி 2021 இல் இறங்கியது. 2022 இல் மீண்டும் ஏறியது. ஒவ்வொரு இறக்கத்திலும் தொலைக்காட்சி வருமானம் பெருமளவு குறையும். அதை அவரால் தாங்க முடிந்தது, பின்னால் தொழிற்சாலைகள் ஓடிக்கொண்டிருந்ததால்தான்.

2018 இல் வெம்ப்லி மைதானத்தை 600 மில்லியன் பவுணுக்கு வாங்க முன்வந்தவர், எதிர்ப்பு வலுத்ததும் அதே வருடம் விலகிக்கொண்டார். பேரத்திலிருந்து எழுந்து வரவும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு கடை சரியாக ஓடத் தொடங்குமுன்னே அதன் முதலை எடுத்து இரண்டாவது, மூன்றாவது தொழிலில் போடும் வழக்கம் நமது இளம் வியாபாரிகளிடம் பெருகி வருகிறது. புதியது சறுக்கினால் பழையதும் சேர்ந்து விழும். முதலில் உங்கள் பம்பரை உறுதியாகச் செய்யுங்கள். கழகத்தைப் பிறகு வாங்கலாம்.