சின்சில்லாவின் நடத்தை திடீரென மாறினால்

சின்சில்லா தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் வாழும் கொறிவிலங்கு. 1923-ல் மத்தியாஸ் சாப்மன் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் சிலியிலிருந்து கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுவந்த 11 விலங்குகளின் வழிவந்தவையே இன்று வீடுகளில் வளரும் சின்சில்லாக்களில் மிகப் பெரும்பாலானவை. ஏறக்குறைய அரைக் கிலோ எடையுள்ள இந்த விலங்கு பகலில் தூங்கும். அந்தியிலும் இரவிலும் துள்ளித் திரியும். மலையில் கழுகுக்கும் நரிக்கும் இரையாகி வந்ததால் நோயை மறைப்பது அதன் பிறவிக்குணம். அதன் போக்கு மாறியிருப்பது வளர்ப்பவர் கண்ணில் படும்போது நோய் பல சமயம் முற்றியிருக்கும்.

பிடிக்கும்போது முடி கொத்தாக உதிர்வதும், பெண் விலங்கு கோபத்தில் சிறுநீரைப் பீய்ச்சுவதும் இயல்பானவை. ஆனால், கையில் வந்து உட்கார்ந்துகொண்டிருந்த விலங்கு ஒருநாள் கடிக்கிறது, கூண்டு மூலையில் முதுகைக் குறுக்கி உட்கார்ந்திருக்கிறது, தினமும் ஆசையாகப் புரளும் மண்குளியலை ஏறிட்டும் பார்க்கவில்லை என்றால், அதைப் பிடிவாதம் என்று ஒதுக்கக் கூடாது. முதலில் ஐயப்பட வேண்டியது வலியைத்தான்.

அந்த வலி பெரும்பாலும் வாயில் இருக்கும். சின்சில்லாவின் 20 பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. மலையின் முரட்டுப் புல்லை அரைத்து அரைத்துத் தேய வேண்டிய பற்கள், வீட்டில் மென்மையான தீவனமும் உலர்திராட்சையும் தின்று தேயாமல் நீள்கின்றன. கடைவாய்ப்பல்லின் விளிம்பில் கூர்முனை உண்டாகி நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கிறது. வேர்ப்பக்கமும் நீண்டு, மேல்தாடையில் கண்குழியை நோக்கியும் கீழ்த்தாடையில் எலும்பைத் துளைத்தும் அழுத்துகிறது. இப்படிப்பட்ட விலங்கு பசியோடு கிண்ணத்துக்கு ஓடிவரும். ஒரு தீவனக் குச்சியை முன்கைகளில் எடுத்து வாய்வரை கொண்டுபோகும். அப்படியே கீழே போட்டுவிட்டு இன்னொன்றை எடுக்கும். மோவாயும் முன்கைகளும் எச்சிலில் நனைந்திருக்கும், ஒரு கண்ணில் நீர் வடியும். முன்பற்கள் ஆரஞ்சு நிறத்தில் ஒழுங்காகத் தெரிவதை மட்டும் பார்த்து நிம்மதி அடைய முடியாது. கடைவாய்ப்பற்களின் நிலை பெரும்பாலும் மயக்கமருந்து கொடுத்து வாயைத் திறந்து பார்த்தால்தான், எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும்.

தின்பது நின்றால் குடலும் நின்றுபோகும். புழுக்கைகள் சிறுத்து உலர்ந்து, பிறகு வராமலே போகும். வாயு சேர்ந்து வயிறு உப்பும். சின்சில்லாவால் வாந்தி எடுக்க முடியாது; வலி தாளாமல் உடலை நீட்டி நீட்டி உருளும். ஒரு நாள் முழுவதும் தின்னவில்லை என்றாலே அது அவசரச் சிகிச்சைக்கு உரிய நிலை.

வெப்பம் இதைவிட வேகமாகக் கொல்லும். ஒரே மயிர்க்காலிலிருந்து 60 முடிவரை முளைக்கும் அடர்ந்த உரோமம் மலைக்குளிருக்கு உரியது. வியர்த்துத் தணிய அந்த உடலுக்கு வழியில்லை. அறையின் வெப்பம் 27 டிகிரி செல்சியஸைத் தாண்டி, காற்றில் ஈரப்பதமும் கூடினால் காதுகள் சிவக்கும், எச்சில் ஒழுகும், விலங்கு மூச்சுவாங்கியபடி பக்கவாட்டில் சாய்ந்துவிடும். சென்னை போன்ற ஊரில் ஏசி இல்லாத அறையில் இதை வளர்ப்பது கொடுமை. சாய்ந்துவிட்ட விலங்கின் உடலைச் சற்றே குளிர்ந்த நீரால் மெல்லத் தணித்தபடி மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பனிக்கட்டி நீர் கூடாது.

தலை ஒருபக்கம் சாய்ந்து, விலங்கு ஒரே திசையில் வட்டமிட்டு நடந்தால் நடுக்காது, உட்காதுத் தொற்றை முதலில் ஐயப்படலாம். வலிப்புக்கோ காரணங்கள் பல: கால்சியம் குறைவு, தயமின் என்னும் பி1 வைட்டமின் குறைவு, இரத்தத்தில் சர்க்கரை குறைவது, பழைய பெயின்ட்டைக் கடித்ததால் உடலில் ஏறிய ஈயம். கெட்டுப்போன தீவனத்தின் வழியே வரும் லிஸ்டீரியா பாக்டீரியாவுக்கு இந்த விலங்கு மிக எளிதில் ஆளாகும். அது மூளைவரை பரவினால் விலங்கு சில நாட்களிலேயே இறந்துவிடும். வட அமெரிக்காவில் ரக்கூன் எச்சம் கலந்த வைக்கோலிலிருந்து உருண்டைப்புழுவின் லார்வாக்கள் மூளையைச் சென்றடைவதும் உண்டு. மனிதருக்கு உதட்டுக் கொப்புளம் தரும் ஹெர்பிஸ் வைரஸ்கூடச் சின்சில்லாவுக்கு மூளை அழற்சியை உண்டாக்கியிருக்கிறது. அந்தக் கொப்புளம் உள்ளவர் விலங்கை முகத்தோடு வைத்துக் கொஞ்சாமல் இருப்பதே நல்லது.

ஆண் விலங்கு ஓயாமல் பின்புறத்தை நக்கிக்கொண்டிருந்தால் ஆண்குறியைச் சுற்றி முடி வளையமாக இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் சிறுநீர் அடைபடும். தன் உரோமத்தையே மென்று தின்பதற்குத் தனிமை, நெருக்கடி, பல்வலி, ஊட்டக்குறை எல்லாமே காரணமாகலாம்.

இவை எதற்கும் வீட்டில் இருக்கும் மனித மருந்தைக் கொடுக்கக் கூடாது. பென்சிலின் வகை மருந்துகளையும் கிளிண்டாமைசினையும் வாய்வழி கொடுத்தால் குடலின் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து விலங்கு இறக்கக்கூடும். சமையலறைத் தராசில் வாரந்தோறும் எடைபார்த்துக் குறித்துவைத்த தாளும், மாற்றத்தைக் காட்டும் சிறு வீடியோவும் மருத்துவருக்குப் பெரிதும் உதவும். ஏனென்றால், மருத்துவரின் மேசைமேல் ஏற்றியதும் பல சின்சில்லாக்கள் ஒன்றுமே நடக்காததுபோல் இருந்துவிடும்.