காசநோய் வந்தவருக்குத் தட்டைத் தனியே வைக்க வேண்டுமா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று நம் பகுதி வீடுகளில் யாருக்காவது டி.பி. என்று தெரிந்தால் முதலில் தட்டும் டம்ளரும் தனியாகிவிடுகின்றன. அடுத்து, விஷயம் வெளியே தெரியாமல் மறைக்கிறோம். திருமண வயதில் பெண் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இந்தப் பயத்துக்கான பதில் பக்கத்திலேயே, சேத்துப்பட்டில், 60 ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டது.

1882-ல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். ஆனால் மருந்து இல்லை. நல்ல காற்று, ஓய்வு, சத்தான உணவு, இவைதான் சிகிச்சை. தாம்பரம் சானடோரியம் 1928-ல் அப்படித்தான் உருவானது. 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினும் 1952-ல் ஐசோனியசிட்டும் வந்தன. மருந்து கிடைத்தது, நாட்டில் படுக்கைகள்தான் போதவில்லை.

அதனால் 1956-ல் சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. சென்னையின் ஏழை நோயாளிகளில் ஒரு பிரிவினர் சானடோரியத்தில் சேர்க்கப்பட்டார்கள். மற்றவர்கள் தங்கள் நெருக்கடியான வீடுகளிலேயே, குறைந்த சாப்பாட்டுடன், அதே மருந்தை ஓராண்டு சாப்பிட்டார்கள். 1959-ல் வெளியான முடிவில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. உலகமே சானடோரியங்களை மூடத் தொடங்கியதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

பிறகு ஏன் நோய் திரும்பியது? 1993-ல் உலக சுகாதார நிறுவனம் காசநோயை உலகளாவிய அவசரநிலை என்றே அறிவித்தது. எச்.ஐ.வி. ஒரு காரணம். மற்றொன்று நம் கையில் இருப்பது: இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுவது. மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறலாம். ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்கும் அடங்காத கிருமி வந்தால் வேறு மருந்துகளைத் தேட வேண்டும். அந்தக் கிருமியே வீட்டில் உள்ளவர்களுக்கும் தொற்றும்.

ரமலானில் சிலர் நோன்புக்காக மாத்திரையை விடுகிறார்கள். மாத்திரை தினம் ஒருவேளைதான். சஹரில் சாப்பிடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். உடல் தளர்ந்திருந்தால் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது, பிறகு களா செய்துகொள்ளலாம்.

தட்டு, டம்ளரால் இந்நோய் பரவாது. இருமும்போது காற்றில்தான் பரவும். ஆரம்ப வாரங்களில் முகக்கவசமும் திறந்த ஜன்னலும் அவசியம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம், மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள்; நோய் இல்லாவிட்டாலும் தடுப்பு மருந்து தருவார்கள்.