எல்இடி இழை விளக்கின் மின் அளவீடு

எல்இடி இழை விளக்கு என்பது குண்டு பல்பின் தோற்றத்தில், கண்ணாடிக் குமிழுக்குள் மெல்லிய எல்இடி பட்டைகளைக் கொண்ட விளக்கு ஆகும். ஒவ்வொரு பட்டையிலும் இருபது முப்பது சிறு நீல எல்இடிகள் தொடராக இணைக்கப்பட்டு, மேலே மஞ்சள் ஒளிர்பொருள் பூசப்பட்டிருக்கும். ஓர் எல்இடிக்கு ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். நான்கு பட்டைகள் தொடரில் இருந்தால் மொத்தம் 250 வோல்ட்டைத் தாண்டிவிடும்.

ஆகவே, பல்பு பியூஸ் போனதா என்று மல்டிமீட்டரை ஓமில் வைத்துப் பார்க்கும் பழக்கம் இங்கே உதவாது. மீட்டர் தரும் சில வோல்ட்டுக்கு இந்த விளக்கு கடத்தாது. நல்ல விளக்கும் பழுதானது போலவே காட்டும்.

மின்னோட்டமும் வாட்டும்

"4 வாட் என்று போட்டுவிட்டு 8 வாட் இழுக்கிறது" என்ற குறை அடிக்கடி காதில் விழுகிறது. 230 வோல்ட்டில் 35 மில்லி ஆம்பியர் ஓடுவதாக அளந்து, பள்ளியில் படித்தபடி இரண்டையும் பெருக்கினால் 8 வரும். ஆனால் அது வோல்ட்-ஆம்பியர், வாட் அன்று. விளக்கின் அடிப்பகுதியில் உள்ள மின்தேக்கி, மின்னழுத்தம் உச்சத்தை நெருங்கும்போது மட்டும், நொடிக்கு 100 முறை, துண்டு துண்டாக மின்னோட்டத்தை எடுக்கிறது. உண்மைத் திறன் 4 வாட்டாகவே இருக்கும். திறன் காரணி ஏறத்தாழ 0.5. வீட்டுக் கட்டணம் வாட்டுக்குத்தான். மேலும், 'ட்ரூ ஆர்.எம்.எஸ்.' வகை அல்லாத மலிவான மீட்டர் இத்தகைய மின்னோட்டத்தைக் குறைத்தே காட்டும்.

கம்பியைத் தொடாமல் அளத்தல்

வீட்டு மின்மீட்டரில் சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டு மின்னும். மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று அச்சிட்டிருந்தால், ஒரு துடிப்பு 1125 ஜூல். ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் ஒரு வீட்டில் இத்தகைய 4 வாட் விளக்குகள் பத்து எரிவதாகக் கொள்வோம். மற்ற எல்லாவற்றையும் அணைத்தால் ஏறத்தாழ 28 நொடிக்கு ஒரு துடிப்பு வரும். 14 நொடியில் வந்தால் குறை நியாயமானது. இன்வெர்ட்டரை நிறுத்த மறந்தால் கணக்கு தவறும் (பலரும் மறப்பது இதைத்தான்). ஒற்றை விளக்கைக் கொண்டு பார்க்க வேண்டாம். அவ்வளவு சிறிய சுமைக்கு மீட்டர் ஓடாமலும் போகலாம்.

குமிழ் உடைந்த விளக்கைச் சோதிக்கவே கூடாது. பல விளக்குகளில் பட்டைகளுக்கும் மின்கம்பிக்கும் இடையே தடுப்பு ஏதும் இல்லை. தொட்டால் 230 வோல்ட் அதிர்ச்சிதான்.